வசந்தகாலப் பனியில் ஏறுமுன்: முதல் நாள் இரவிலேயே தொடங்கும் கணக்கு

அலாரம் 2.45-க்கு அடிக்கும். தங்கியிருக்கும் குடிலின் கதவைத் திறந்து, இருட்டில் பத்தடி நடந்து, ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து அதன் கைப்பிடியால் பனியை ஒரு குத்து குத்துவேன். 'டக்' என்று சத்தம் வந்தால் உள்ளே போய் பூட்ஸை மாட்ட ஆரம்பிப்பேன். 'சதக்' என்று கோல் உள்ளே இறங்கினால் திரும்பப் படுத்துவிடுவேன். கூட வந்தவர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

அன்றைய நாளில் பாதியை அந்த ஒரு குத்தே சொல்லிவிடும். மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

லிஃப்டில் ஏறி, இயந்திரம் சமன்செய்த தடத்தில் இறங்குவோருக்கு இதெல்லாம் தேவையில்லை, அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் ஏற உதவும் ஒட்டுப்பட்டை) ஒட்டிக்கொண்டு, காவலுக்கு யாரும் இல்லாத மலையில் சொந்தக் காலில் ஏறி இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து 12 வருடம் ஆகிறது. நான் கைடு இல்லை. பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் உட்காருங்கள். படித்துத் தெரிந்துகொள்வது அதற்கு ஈடாகாது.

குளிர்காலத்தில் பனியைக் கணிப்பது பழைய கடன் கணக்கைத் தோண்டுவது மாதிரி. டிசம்பரில் புதைந்த ஒரு பலவீன அடுக்கு பிப்ரவரியில் ஆளைச் சாய்க்கும், மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் கதை வேறு. அபாயம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்துவிடும், ஆனால் மணிக்கு மணி மாறும். காலை 7 மணிக்குப் பாறை மாதிரி இருந்த அதே இடம் 11 மணிக்குக் கழன்று கீழே போகும். அதனால் 'இந்தச் சாய்வு பாதுகாப்பானதா?' என்று மட்டும் கேட்டால் போதாது, 'எத்தனை மணி வரை?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நடப்பது இதுதான். பகல் வெயிலில் மேல்பனி உருகி, தண்ணீர் குருணைகளுக்கு நடுவே இறங்குகிறது. இரவில் அது உறைந்து குருணைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. மறுநாள் மறுபடி உருகல், மறுபடி உறைதல். பல நாட்கள் இப்படி மாறி மாறி நடந்ததும் பனி உருண்டையான, கல்லுப்பு போன்ற குருணைகளாகிவிடும். ஸ்கீ ஆட்கள் கார்ன் என்றும் ஃபிர்ன் என்றும் சொல்வது இதைத்தான். விடியலில் இதன் மேல் கெட்டியான பொருக்கு இருக்கும். வெயில் பட்டு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது, அடியில் கெட்டித் தளம், மேலே மெத்தென்ற குருணை என்று அமையும். ஸ்கீயைத் திருப்பும்போது 'ஸ்ஸ்' என்று பட்டுத்துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்காகத்தான் 2.45-க்கு எழுந்திருக்கிறோம். அந்த நிலை ஒரு சாய்வில் முக்கால் மணி நேரம் இருக்கலாம், ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். அதற்கு முன்னால் போனால் பல் ஆடும், அதற்குப் பின்னால் போனால் பனிக்கூழ். பனிக்கூழ் வரை காத்திருந்தால் ஸ்கீ சுகம் போவது மட்டுமில்லை, குருணைகளை ஒட்டிவைத்திருந்த பசையும் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆக எல்லாமே இரவு எப்படி உறைந்தது என்பதில் இருக்கிறது. அதனால் வேலை முதல் நாள் மாலையே தொடங்குகிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: 'இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகுமா?' என்று மட்டும் பார்க்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் பார்த்தேன். காற்றின் வெப்பநிலையைவிட வானம் முக்கியம். மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கதிராக விட்டுவிடும், சுற்றியிருக்கும் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும், வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் வந்தால் தலைகீழ். போர்வை போட்ட மாதிரி வெப்பம் திரும்பி வரும். காற்று பூஜ்யத்தைத் தொட்டாலும் பொருக்கு தாள் கனத்துக்கு மேல் கட்டாது. ஆகவே முன்னறிவிப்பில் நான் பார்ப்பது இந்த வரிசையில்: எத்தனை மணிக்கு மேகம், ஈரப்பதம் எவ்வளவு, உறைநிலை எந்த உயரத்தில், கடைசியாகத்தான் காற்றின் வெப்பநிலை. இரவு முழுக்கத் தெளிந்த வானம் என்று போட்டிருந்தால் சரி. நள்ளிரவுக்கு மேல் மெல்லிய மேகம் என்று இருந்தால் அலாரத்தை வைத்துக்கொண்டாலும் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வேன்.

அப்புறம் பனிச்சரிவு அறிக்கை. மலை நாடுகளில் பெரும்பாலும் ஒரு பொது அமைப்பு இதை வெளியிடுகிறது. ஐரோப்பாவில் 1993 முதல் ஒரே ஐந்து நிலை அளவுகோல்தான் புழக்கத்தில் இருக்கிறது: 1 குறைவு, 2 மிதம், 3 கவனத்துக்குரியது, 4 அதிகம், 5 மிக அதிகம். வட அமெரிக்காவிலும் ஐந்து நிலைகள்தான். வசந்தத்தில் சில அமைப்புகள் ஒரே நாளுக்கு இரண்டு வரைபடங்கள் தரும், காலைக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று. காலையில் 1, மதியம் 3 என்று பார்ப்பது சகஜம். இங்கேதான் ஏமாறுவார்கள். பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு 'இன்றைக்கு 1-தான்' என்று பையைத் தூக்கிக்கொள்வார்கள். நிலை எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். 'ஈரப்பனி' என்ற பிரச்சினையா, 'வழுக்கும் பனி' என்ற பிரச்சினையா, எந்த உயரத்துக்குக் கீழே, எந்தத் திசைச் சாய்வுகளில் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எண் வாசல் பலகை மட்டும்தான்.

அதே மாலையில் வரைபடத்தில் சாய்வுக் கோணத்தையும் பார்த்துவிடுகிறேன். பனிச்சரிவு பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் கிளம்புகிறது, 35 முதல் 45 வரை மிக வசதியான இடம். இப்போது கோணத்தை நிறமிட்டுக் காட்டும் வரைபடங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் நான் நடக்கும் தடம் 25 டிகிரி என்பது மட்டும் போதாது. அதற்கு மேலே தொங்குவது எத்தனை டிகிரி? வசந்தத்தில் பனிச்சரிவுகள் நாம் தொடாமலே தானாகக் கிளம்பி, தட்டையான பள்ளத்தாக்கு வரை வந்து நிற்கின்றன. இறங்கிவிட்டோம், இனி நடைதான் என்று நிம்மதியாகப் பேசிக்கொண்டு வரும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் எந்தச் சாய்வுகளுக்குக் கீழே போகிறது என்று கணக்குப் பாருங்கள். நண்பகலில் நீங்கள் இருக்கப் போவது அங்கேதான்.

இப்போது காலைக்கு வருவோம். வாசலில் குத்திப் பார்த்தேன் அல்லவா, அதை முழுசாக நம்பக்கூடாது. திறந்த வெளிப்பனி நன்றாக உறைந்திருக்கும்போதே, காட்டுக்குள் மரங்கள் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் பொருக்கு மெலிந்திருக்கும். கறுத்த பாறைகளைச் சுற்றியும், புதர்களின் மேலும் அப்படித்தான். குளிர்ந்த காற்று தேங்கும் பள்ளத்தில் உறைந்திருக்கும், 200 மீட்டர் மேலே உறைந்திருக்காது. ஆகவே ஏறும்போது பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சோதனை செய்துகொண்டே போவேன்.

என் சோதனைகள் எளிமையானவை. கோலின் கைப்பிடியை அழுத்தினால் பொருக்கு எத்தனை விரல் கனம் என்று தெரியும். அடுத்தது முக்கியமானது: பொருக்கை ஓர் இடத்தில் உடைத்து அதன் அடியில் இருக்கும் பனியைக் கையால் எடுப்பேன். அடியில் இருப்பதும் காய்ந்து கெட்டியாக இருந்தால் நல்ல உறைவு. அடியில் சொதசொதவென்று இருந்தால், மேலே இருப்பது வெறும் மூடி. அது வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கையில் எடுத்த பனியை உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்கவே மாட்டேன் என்றால் உலர்பனி. லேசாக ஒட்டினால் ஈரம் தொடங்கியிருக்கிறது. குருணைகளுக்கு நடுவே தண்ணீர் மினுங்குகிறது, ஆனால் மிதமாகப் பிழிந்தால் வடியவில்லை என்றால் ஈரப்பனி. பிழிந்ததும் சொட்டினால் நிலைமை மோசம். பனி ஆராய்ச்சியாளர்கள் ஈரத்தை வகைப்படுத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான், கையுறை போட்ட கையே போதும்.

இன்னொன்று, ஸ்கீயைக் கழற்றிவிட்டு பூட்ஸோடு நின்று பார்ப்பது. மேலேயே நிற்கிறேன் என்றால் சரி. கணுக்கால் வரை போனால் கடிகாரத்தைப் பார்ப்பேன், இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. முழங்கால் வரை போனால் நேரம் கடந்துவிட்டது, இனி தப்பிக்கும் வழியைத்தான் யோசிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் பள்ளம் தோண்டி, பனித்தூணை மண்வாரியால் தட்டிப் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றனவே, அவை? ஈரப்பனியில் அவற்றை நான் நம்புவதில்லை. 8 மணிக்குத் தோண்டிய குழி 8 மணியைப் பற்றித்தான் பேசும். பள்ளம் தோண்டினால் ஒன்றுக்காகத் தோண்டுவேன்: தெர்மாமீட்டரை மேலிருந்து கீழ் வரை பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் குத்திப் பார்க்க. உள்ளே இன்னும் மைனஸ் 3, மைனஸ் 4 என்று இருந்தால் இந்தப் பனி இன்னும் குளிர்கால ஆள். மேலிருந்து கீழ் வரை எல்லாம் 0 என்றால், இனி உள்ளே வரும் ஒவ்வொரு துளி வெப்பமும் நேராக உருக்குவதற்கே போகும்.

இந்த வித்தியாசம் ஏன் பெரிது என்று கொஞ்சம் நின்று சொல்கிறேன். வசந்தத்திலேயே மிக ஆபத்தான நாட்கள், குளிர்காலப் பனிக்குள் முதல் முறையாகத் தண்ணீர் இறங்கும் நாட்கள். மெல்லிய குருணை அடுக்குக்கு அடியில் பெரிய குருணை அடுக்கு இருந்தால் தண்ணீர் அந்த எல்லையில் நின்று தேங்கும். பழைய பொருக்கின் மேலும் தேங்கும். தேங்கிய இடத்தில் பிடிப்பு போய்விடும். ஜனவரியிலிருந்து அசையாமல் கிடந்த பலவீன அடுக்கை அந்தத் தண்ணீர் எழுப்பிவிடும், அப்போது மேலே ஒன்றாக இறுகிக் கிடக்கும் மொத்தப் பனிப் பலகையும் கழன்று வரும். பனியில் தண்ணீரின் அளவு சராசரியாக 3 சதவீதத்தைத் தொடும் கட்டத்தில்தான் இந்த முதல் சுற்று ஈரப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் வருகின்றன என்று சுவிஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 3 சதவீதம் என்பது எவ்வளவு கொஞ்சம்! இரண்டு மூன்று வாரம் உருகி உறைந்து, தண்ணீர் வடிய உள்ளே வழிகள் அமைந்துவிட்ட பனி இதே வெயிலை அமைதியாகத் தாங்கிக்கொள்ளும். ஆகவே நாள்காட்டியைப் பார்த்து 'ஏப்ரல் வந்தாச்சு, கார்ன் வந்தாச்சு' என்று கிளம்பாதீர்கள். தெற்குச் சாய்வு மார்ச்சிலேயே பக்குவப்பட்டிருக்கும், அதே மலையின் வடக்கு முகம் மே மாதத்தில்தான் முதல் தண்ணீரைப் பார்க்கும். அந்த வடக்கு முகத்தில், முதல் வெப்ப அலை வந்த வாரத்தில் நான் போவதே இல்லை.

அடுத்து, வெயிலும் திசையும். வட கோளத்தில் கிழக்குச் சாய்வு முதலில் இளகும், பிறகு தென்கிழக்கு, தெற்கு, பிற்பகலில் மேற்கு. தென் கோளத்தில் மலை ஏறுகிறவர்கள் இங்கே தெற்கு என்பதையெல்லாம் வடக்கு என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்வில் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. 45 டிகிரி அட்சரேகையில், ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு பார்த்த 35 டிகிரி சாய்வில் அது சரியாகச் செங்குத்தாக விழும். பனிச்சரிவு கிளம்ப வசதியான அதே கோணம்தான் வெயிலையும் முழுசாக வாங்குகிறது. பக்கத்தில் இருக்கும் தட்டைப் பனியை மிதித்துப் பார்த்துவிட்டு அந்தச் சாய்வை எடை போட்டால் ஏமாந்துவிடுவோம்.

பனியின் நிறத்தையும் பாருங்கள். புதுப்பனி தன் மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பழைய ஈரப்பனி அதைவிட மிகக் குறைவாகத்தான் திருப்பும். சஹாராவிலிருந்து காற்றில் வந்த தூசி படிந்து ஆல்ப்ஸ் பனி காவி நிறமாகும் வருடங்கள் உண்டு. அந்தக் காவிப் பரப்பு பக்கத்து வெள்ளையைவிட வேகமாக உருகும்.

திட்டத்தை நான் எப்போதும் பின்னாலிருந்து போடுகிறேன். அந்தச் சாய்வு எத்தனை மணிக்குக் கெடும் என்று முதலில் ஒரு நேரம். அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தால் இறங்கத் தொடங்கும் நேரம். அதிலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தால் கிளம்பும் நேரம். நான் 1000 மீட்டர் உயரம் ஏற மூன்று மணி நேரம் எடுப்பேன், அப்புறம் அரை மணி நேரம் உபரி. எந்த இடத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டிய நேரத்தை ஒரு டேப் துண்டில் எழுதி ஸ்கீயின் முனையில் ஒட்டிவிடுவேன். இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரல் கடைசி. தென்கிழக்கு பார்த்த ஒரு நீண்ட கிண்ணம், மேலே ஒரு கணவாய். இரவு அருமையாக உறைந்திருந்தது, திரும்பும் நேரம் 9.30 என்று பேசியிருந்தோம். வழியில் என்னோடு வந்த தம்பியின் ஸ்கின் பசை விட்டுப்போனது. உறைபனி ஏறிய பசை ஒட்டவே இல்லை. சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, டேப் சுற்றி, முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. 9.30-க்குக் கணவாய்க்கு 120 மீட்டர் கீழே இருந்தோம்.

"அண்ணா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் இருபது நிமிஷம்தானே" என்றான்.

அவன் சின்னப் பையன், அவன் அப்படித்தான் கேட்பான். "சரி, போகலாம்" என்று சொன்னது நான். பனி இன்னும் நன்றாகத்தான் இருந்தது என்பது என் சமாதானம். இருபது நிமிடம் நாற்பது ஆனது. கடைசி ஐம்பது மீட்டரில் ஸ்கீயைத் தோளில் போட்டு நடந்தபோது பூட்ஸ் கணுக்காலைத் தாண்டிப் போனது. பாறைகளுக்கு அடியிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் கிளம்பி, பாய் சுருட்டுகிற மாதிரி தங்களைத் தாங்களே சுருட்டிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டும் தம்பியிடம் அதைச் சொல்லவில்லை.

இறங்கும்போது அவனை ஓரத்துப் பாறை விளிம்பில் நிற்கச் சொல்லிவிட்டு நான் முதலில் போனேன். மூன்றாவது திருப்பத்தில் ஸ்கீ கீறிய கோட்டுக்குக் கீழே இருந்த பனி நகர ஆரம்பித்தது. வேகமே இல்லை. கொட்டிய ஈர சிமென்ட் மாதிரி மெதுவாக, விசிறி போல விரிந்துகொண்டே போனது. ஓர் ஆள் அகலத்தில் தொடங்கியது பத்து மீட்டர் அகலமாகி, என் முழங்காலைப் பிடித்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனது. பக்கவாட்டில் வெளியேற முயன்றேன், ஸ்கீ இரண்டும் அடியில் மாட்டிக்கொண்டு திரும்பவில்லை. நாற்பது மீட்டர் போல இழுத்துச் சென்று ஒரு சிறு திட்டில் விட்டது. இடுப்பு வரை பனி. நின்ற நொடியில் இறுகியது. இடது காலை வெளியே எடுக்க மண்வாரியால் பத்து நிமிடத்துக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தது. அந்தத் திட்டுக்கு எட்டு மீட்டர் கீழே ஒரு பாறைக் குழி இருந்தது. அதற்குள் போயிருந்தால் நான் இதை எழுத வாய்ப்பில்லை.

அது சிறியது. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக விரியும் இவற்றைத் தளர்பனிச் சரிவு என்பார்கள். முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் வரும்: சுருண்டு உருளும் பனி உருண்டைகள், பாறை ஓரத்திலிருந்து கிளம்பும் சிறு ஒழுக்குகள், திடீரென்று ஆழமாகப் போகும் பூட்ஸ். ஓரிரண்டு உருண்டைகள் விழுவதால் ஓட வேண்டாம். உருண்டைகள் பெரிதாகி, கீழே போகப் போகச் சக்கரம் போல வளர்ந்தால் அந்தத் திசைச் சாய்வுக்கு அன்றைக்கு முழுக்குப் போடுங்கள். ஆளை மூடும் அளவுக்கு இல்லாவிட்டாலும் பாறைக்கு மேலே, பள்ளத்துக்கு மேலே இருக்கும்போது முழங்கால் ஆழமே போதும். ஈரப்பனி ஒரு கன மீட்டர் 400, 500 கிலோ இருக்கும்.

பலகையாகக் கழலும் ஈரச்சரிவு இதைவிடப் பெரிது, முன்னறிவிப்பும் குறைவு. முதல் தண்ணீர் இறங்கும் நாட்களில் வருவது இதுதான். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு உறையவில்லை என்றாலோ, மழை பெய்தாலோ இதை நினைத்துக்கொள்ளுங்கள். பனியின் மேல் மழை பெய்தால் நான் கணக்குப் போடுவதே இல்லை, அன்றைக்கு மலை இல்லை.

மூன்றாவது, பனித்திரள் முழுவதும் தரையிலிருந்தே வழுக்கி வருவது. வழவழப்பான புல்தரை, சாய்ந்த பாறைப் பலகை மேல் இருக்கும் பனியில் மீன் வாய் பிளந்த மாதிரி வளைந்த விரிசல் தெரியும், உள்ளே பழுப்பாகத் தரை தெரியும். இந்த விரிசல் இன்றைக்குக் கழலலாம், மூன்று வாரம் கழித்துக் கழலலாம், கழலாமலே உருகியும் போகலாம். இரவு, விடியல் என்ற கணக்கெல்லாம் இதனிடம் செல்லாது, உறைந்த அதிகாலையிலும் வரும். இதை மட்டும் என்னால் கணிக்க முடியாது, யாராலும் முடியாது. விரிசலுக்கு நேர் கீழே நிற்காமல், இளைப்பாறாமல், சுற்றிப் போவதுதான் ஒரே வழி.

முகட்டில் காற்று கட்டிய, விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும் பனி இறவாணங்களும் வசந்தத்தில் தளர்ந்து விழும். மேலே நடக்கும்போது விளிம்பிலிருந்து நாம் நினைப்பதைவிடப் பின்தள்ளி உடையும். கீழே இருக்கும்போது, அது விழும் அதிர்ச்சியே முழுச் சாய்வையும் கிளப்பிவிடும். முகட்டில் கறுத்த பாறையோ மண்ணோ காலில் தட்டுப்படாத வரை நான் விளிம்புப் பக்கம் போவதில்லை.

வசந்தத்தில் புதுப்பனி விழுந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன கணக்கெல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் ஒத்திவைக்கப்படும். பழைய பொருக்கின் மேல் 25 சென்டிமீட்டர் புதுப்பனி, மறுநாள் பளிச்சென்ற வெயில் என்றால் குளிர்கால அபாயமும் வசந்த அபாயமும் ஒரே காலையில் வரும். காற்று அடித்திருந்தால் முகட்டின் மறைவில் பலகைகள் கட்டியிருக்கும். வெயில் வந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே செங்குத்தான இடங்கள் உதிரத் தொடங்கிவிடும். அழகுக்கு மயங்கும் நாளும் அதுதான். ஒரு நல்ல வெயில் வந்து, ஒரு நல்ல இரவு உறைந்து போகட்டும் என்று காத்திருக்கிறேன்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: டிரான்ஸ்ஸீவர் (புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும். கார்ன் காலம்தானே என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களோடு நான் போவதில்லை. டிரான்ஸ்ஸீவர்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், எந்த நிறுவனத்தின் கருவியும் எதையும் கண்டுபிடிக்கும். கிளம்புமுன் ஒருவர் நின்று மற்றவர்களைக் கடக்கவிட்டுச் சோதியுங்கள். கைப்பேசி அதிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50. புதைந்தவரை உயிரோடு எடுக்க முதல் பத்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு, மீட்புக் குழு அதற்குள் வராது. ஈரப்பனிக் குவியலை வெட்டுவது எவ்வளவு மெதுவான வேலை என்று என் இடது காலுக்குத் தெரியும். விடியலில் இறுகிய பொருக்கில் ஏற ஸ்கீ கிராம்பான் (ஸ்கீயில் மாட்டும் பல் வைத்த பிடிப்பான்) வேண்டும், அது இல்லாமல் 35 டிகிரியில் வழுக்கினால் நிறுத்த எதுவும் இல்லை. அபாயமான இடத்தை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்: இரவு வானம் எப்படி, எத்தனை மணிக்குப் பொருக்கு எத்தனை விரல், எந்தத் திசை எத்தனை மணிக்கு இளகியது, முதல் உருண்டை எப்போது. நான் சொன்ன நேரத்துக்கும் பனி சொன்ன நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதுவேன். முதல் வருடங்களில் ஒன்றரை மணி நேரம் வரை பிசகியிருக்கிறது, எப்போதும் என் பக்கமே தாராளமாக. இப்போது அரை மணிக்குள் வருகிறது.

போன வருடம் மே முதல் வாரத்தில் எழுதியது இது: "நள்ளிரவு வரை நட்சத்திரம், 1 மணிக்கு மேல் மெல்லிய மேகம். 2.45-க்கு வாசலில் டக். 4.10-க்குக் காட்டுக்குள் பொருக்கு ஒரு விரல், அடியில் சொதசொதப்பு. 5.00-க்குக் காட்டைத் தாண்டித் திறந்த வெளியில் இரண்டு விரல், அடியில் அதே. தம்பிதான் முதலில் குனிந்து எடுத்துப் பிழிந்து பார்த்தான். 'அண்ணா, திரும்பிடலாம்' என்றான். 6.20-க்குக் குடில். தூங்கினோம்."